மூன்று அடித்தால் உள்ளே ஆள்

நவம்பர் 29, சனி

பனி. எட்டு மணி வரைக்கும் தங்கச் சுரங்க ஷாஃப்டின் மேலே நிற்கும் பெரிய சக்கரமே தெரியவில்லை, சுற்றுகிற சத்தம் மட்டும். மணிக்கயிறு ஈரத்தில் கனத்துவிட்டது. எண்ணெய் கேட்டு நாலு நாள். ஸ்டோர்காரன் இன்றைக்கும் "நாளைக்கு" என்றான். அவனுக்கு என்றைக்குமே நாளைக்குத்தான்.

மத்தியானம் எங்கள் கூலிக்குடிசை லைனில் தமுக்கு. பிளேக் உத்தரவு. காய்ச்சலும், தொடையிடுக்கிலோ அக்குளிலோ கட்டியும் இருந்தால் அன்றைக்கே இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும். மறைத்தால் வீட்டைப் பிரித்துவிடுவார்கள், வேலையும் போகும். நோயாளி கேம்புக்கு. கூட இருந்தவர்களுக்கும் அங்கேயே பத்து நாள், வேறு கொட்டகையில். கேம்பு, சுரங்கம் கழித்துக் கொட்டின சயனைடு மணல்மேட்டுக்கு அப்பால்.

லைனுக்கு ஒரு எழுதத் தெரிந்த ஆள் பொறுப்பு. எங்கள் லைனுக்கு நான். சபை மூப்பர் ஆயிற்றே என்று எங்கள் பாதிரி ஐயர் என் பேரைச் சொன்னாராம். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தார்கள். நல்ல பென்சில்.

வீட்டுக்காரி ரெபேக்கா (என் சொந்த டைரியான இதில் எப்போதும் ரெ.) சொன்னாள்: "மணி அடிக்கறது பத்தலன்னு இது வேறயா?"

நாளை ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். குறிப்பு:
– சுரங்கத்துக்குள்ளிருந்து கயிறு இழுப்பார்கள். மேலே நான் அதைக் கேட்டு இன்ஜின் கொட்டகைக்கு மணி அடிக்கிறேன்.
– ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு, இறக்கு. மூன்று அடித்தால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டின் உள்ளே ஆள், மெதுவாக.
– அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் அடுத்த அடி வராவிட்டால் கணக்கு அவ்வளவுதான்.
– இன்ஜின்காரனுக்குக் கேஜ் தெரியாது. மணிதான் தெரியும். ஏன் என்று கேட்கமாட்டான். விசுவாசம் அப்படி.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். கோயிலுக்குள் கந்தகப் புகை போட்டிருப்பதால் ஆராதனை வெளியே, வேப்ப மரத்தடியில். பாதிப் பேர் வரவில்லை. பயம்.

ஐயர் பிரசங்கம்: இது ஆண்டவர் அனுப்பின வாதை. எதற்கு அனுப்பினார் என்று ஆராயாதே, உன்னை ஆராய். தண்டனை முதலில் நம்புகிறவன் வீட்டில்தான் தொடங்கும். இந்த நாளில் கீழ்ப்படிதலே ஜெபம். மேலிருக்கிறவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், ஒளிக்காதீர்கள்.

பிறகு என் சாட்சி. மணியும் இன்ஜின்காரனும் நன்றாக எடுபட்டது. மூன்று இடத்தில் ஆமென் வந்தது. ஐயரே தலையாட்டினார். பெருமைப்படக்கூடாது. கொஞ்சம் பட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் ரெ.: "நல்லாத்தான் பேசினீங்க. ஆனா இன்ஜின்காரனுக்குக் கீழ யாரு கீறாங்கன்னு தெரியாதே. அதான் சுலுவா இழுக்கறான்."

எதையும் ஒரு மட்டு குறைத்துச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கொள்ளு ரசம் வைத்திருந்தாள். இரண்டு தடவை வாங்கினேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

குளிர். குடைக்கம்பி உடைந்தது. லைன் கோடியில் எலி ஒன்று விழுந்து செத்துக்கிடந்தது, நோட்டில் எழுதினேன்.

பக்கத்து வீட்டு முனியன் இரண்டு நாளாக ஷிப்டுக்கு வரவில்லை. சுரங்கத்தில் டிராலி தள்ளுகிறவன். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு மூங்கில் தட்டிதான். அவன் புரண்டால் இங்கே கேட்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். படுத்திருந்தான். காய்ச்சல். போர்வையை விலக்கிக் காட்டினான், இடது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவு கட்டி.

"பயந்துக்காதண்ணே. போன வாரம் இரும்பு விழுந்துச்சு. கட்டைவெரலு சீழ் வச்சிகினு கீது. அதுக்குத்தான் நெறி கட்டிக்கீது. நாலு நாள்ல வடிஞ்சிரும்."

விரலைப் பார்த்தேன். நகம் கழன்று சீழ் பிடித்திருக்கிறது, நாற்றம். நெறிதான். கால் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும். வெறுங்காலில் கல்லிலும் இரும்பிலும் நடக்கிற இந்த லைனில் யாருக்குத்தான் கட்டவில்லை? எனக்கே இரண்டு தடவை. மஞ்சளும் உப்பும் வைத்துக் கட்டினால் போய்விடும்.

ஆனால் உத்தரவில் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காய்ச்சல், கட்டி. இரண்டும் இருக்கிறது.

முனியன் பெண்சாதி கன்னியம்மா காபித்தண்ணி கொடுத்தாள். வெல்லம் போட்டு. குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3, புதன்

கா. ஜெ. (காலை ஜெபம்) வழக்கத்தைவிட நீளம். ஷிப்டுக்குப் போகிற வழியில் இன்ஸ்பெக்டர் கூடாரத்தில் சொன்னேன். இரண்டு நிமிஷ வேலை.

பத்து மணிக்கு என்னையே கூப்பிட்டார்கள், வீட்டை அடையாளம் காட்ட. மணிக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டுப் போனேன். கூண்டு வண்டி நின்றது. லைனே வெளியே வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர்: "கால்ல காயம்னு சொல்றாங்களே, மூப்பரே?"

நான்: "காய்ச்சலும் கட்டியும் இருக்குதுங்க." பொய் இல்லை.

கன்னியம்மா என் பக்கம் வந்தாள். "காலப் பாத்தீங்களேண்ணே. கண்ணால பாத்தீங்க. அவுங்களாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க." டாக்டர் பார்த்து உடனே அனுப்பிவிடுவார் என்று சொன்னேன். அதையேதான் நானும் நம்பினேன்.

முனியன் நொண்டிக்கொண்டே வண்டி ஏறினான். சிரித்தான். "பத்து நாளு சும்மா சோறு. டிராலி தள்றதுக்கு இது மேலு. வர்றேண்ணே." கன்னியம்மாவும் ஏறினாள், கூட இருந்தவள் என்பதால்.

தட்டியை எல்லாம் பிரித்துக் கொளுத்தினார்கள். எங்கள் பக்கத்துத் தட்டியில் தீ பிடிக்காமல் ரெ. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ராத்திரி சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். பினாயில் நாற்றம் சோற்றிலும்.

டிசம்பர் 5, வெள்ளி

இன்ஸ்பெக்டர் ஷாஃப்ட் பக்கம் வந்தவர் எல்லார் முன்னாலும், "இவர் மாதிரி லைனுக்கு ஒருத்தர் இருந்தா போதும்" என்றார். எண்ணெய் கிடைத்தது. கயிறு இப்போது நன்றாக ஓடுகிறது.

லைனில் குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது.

டிசம்பர் 10, புதன்

கேம்புக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன் சொன்னது. டாக்டர் துரை முதல் நாளே முனியன் காலைப் பார்த்து, இது அது இல்லை என்றாராம். ஆனால் உள்ளே வந்தவன் பத்து நாள் முடியாமல் வெளியே போகக்கூடாது, உத்தரவு. படுக்கை இல்லை என்று நோயாளிகள் நடுவிலேயே போட்டிருக்கிறார்கள். கால் ஆறிவிட்டதாம். நெறியும் வடிந்துவிட்டதாம்.

நேற்றிலிருந்து புதுக் காய்ச்சல். அக்குளில் கட்டி.

மூன்று அடிக்கிற இடத்தில் இன்று இரண்டு அடித்துவிட்டேன். நல்ல வேளை, ஆள் இன்னும் கேஜில் ஏறவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 11, வியாழன்

முனியன் போய்விட்டான். விடியற்காலை. சுண்ணாம்புக் குழியில் வைத்தார்களாம். கன்னியம்மாவை, கேம்பில் கொட்டகைகளுக்கு நடுவே கட்டின கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

ரெ.விடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பிறகு களைந்தாள்.

டிசம்பர் 12, வெள்ளி

ஷிப்ட் முடிந்து ராபர்ட்சன்பேட்டைக்கு நடை. ஐயரைப் பார்க்க. காலையிலேயே அடக்க ஆராதனை முடித்துவிட்டு அங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. அவருக்கே ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்போல.

கேட்டேன்: "ஐயா, அது நெறிதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வாயெடுத்துக் கேட்டாரு. அப்பவும் கால் புண்ணுன்னு நான் சொல்லல."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நீங்க கீழ்ப்படிஞ்சீங்க. முடிவு ஆண்டவர் கையில" என்றார். பிறகு ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்.

வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேனா, இல்லை என் நல்ல பேருக்குக் கீழ்ப்படிந்தேனா? காலைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று எந்த உத்தரவும் இல்லையே. கன்னியம்மா ஒரு வார்த்தைதானே கேட்டாள்.

செருப்பு வார் அறுந்தது. மீதி தூரம் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனை இல்லை. கூட்டம் கூடக்கூடாது என்று புது உத்தரவு. வீட்டிலேயே வாசித்தோம்.

மத்தியானம் கன்னியம்மா திரும்பி வந்தாள். கையில் ஒரு மூட்டை. அவள் வீட்டு இடத்தில் நாலு மூங்கில் கம்பு மட்டும் கரியாக நிற்கிறது. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நான் உள்ளேயிருந்து பார்த்தேன், வெளியே போகவில்லை.

ரெ. போனாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். நான் மெதுவாக, "கேம்பிலேருந்து வந்தவ..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க நோட்டுல எழுதிக்குங்க. நான் அவள உள்ள கூப்ட்டாச்சு" என்றாள் ரெ.

கன்னியம்மா என்னைப் பார்த்து, "கும்புடறேன், மூப்பரே" என்றாள். முன்னெல்லாம் அண்ணே என்பாள்.

பிறகு இருவருமாக எங்கள் வீட்டின் பின்பக்கத் தட்டி இரண்டை அவிழ்த்து அவள் கம்புகளில் கட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக்கூட ரெ. தூக்கிக் கொடுத்துவிட்டாள். தட்டி தூக்கும்போது ரெ. குதிகாலில், சுரங்கத்திலிருந்து கொட்டின வெள்ளைக்கல் சில்லு ஏறிவிட்டது. ஊசியால் நானே எடுத்தேன். நல்ல ஆழம். "இவ்ளோதான் கெடச்சுது உங்க சுரங்கத்துலேருந்து எனக்கு" என்று சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு.

டிசம்பர் 15, திங்கள்

தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் எலி. சாகவில்லை, சுற்றிச் சுற்றி வந்து என் கால் முன்னாலேயே விழுந்தது. இடுக்கியால் எடுத்துக் குப்பைமேட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

நோட்டில் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே வந்து வீட்டைப் பிரிப்பார்கள். ஒரு எலிதான்.

டிசம்பர் 16, செவ்வாய்

ரெ. காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல். தலை வெடிக்கிறது என்கிறாள். இடது தொடையிடுக்கில் கட்டி.

நெறிதான். குதிகால் சிவந்து வீங்கியிருக்கிறது. அதே இடது கால். கல் குத்தி இரண்டு நாள். கணக்கு சரியாக வருகிறது. மஞ்சள், உப்பு வைத்துக் கட்டினேன். நெறிதான்.

ஷிப்டுக்குப் போனேன். போகிற வழியில் இன்ஸ்பெக்டர் கூடாரம். அவர் வெளியே பல் விளக்கிக்கொண்டிருந்தார். "சௌக்கியமா, மூப்பரே?" என்றார். சௌக்கியம் என்றேன்.

எரிச்சலில் ஒன்று எழுதுகிறேன், பிறகு கிழித்துவிட வேண்டும். கன்னியம்மா கொண்டுவந்தாளோ? எதற்கு அவளை உள்ளே விட்டாள் இவள்? (கிழிக்கவில்லை. இருக்கட்டும். எலி வந்தது என் காலடியில். அதைப் பார்த்தவன் நான்.)

டிசம்பர் 17, புதன்

காய்ச்சல் குறையவில்லை. கஞ்சி வாந்தி. லீவு போட்டேன், எனக்கு வயிற்றுவலி என்று சொல்லி. இதுவும் பொய்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர், இரண்டு ஆட்களோடு, வீடு வீடாக. நான் உள்ளே ரெ. தலைமாட்டில். வாசலில் கன்னியம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

"உள்ள யாரு படுத்துக்கினு இருக்கறது?"

"மூப்பரு வூட்டம்மாங்க. கால்ல கல்லு குத்திச்சு. நெறி கட்டிக்கீது. நான் கண்ணால பாத்தேன்."

அன்றைக்கு முனியனுக்காக நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஒன்றுகூட மாறவில்லை. செத்துப்போகலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் தலையை உள்ளே நீட்டி, "இன்னா மூப்பரே, நெறிதானா?" என்றார்.

"ஆமாங்க. கால் புண்ணுதாங்க."

"நீங்க சொன்னா சரி" என்றார். போய்விட்டார். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பு எப்படி வந்தது என்று கன்னியம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் புடைக்கிறதை நிறுத்தவில்லை.

கேட்டேன்: "ஏன்மா அப்படிச் சொன்ன?"

"கால்ல கல்லு குத்தல? குத்திச்சில்ல? அத்தத்தான் சொன்னேன்" என்றாள்.

டிசம்பர் 18, வியாழன்

பனி. குதிகால் வற்றிவிட்டது. சிவப்பு போய்விட்டது, பொருக்கு தட்டியிருக்கிறது. விளக்கைக் கிட்டே வைத்து மூன்று தடவை பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சீழ் இருக்கக்கூடாதா என்று. இல்லை.

வலது அக்குளில் கட்டி.

கால் புண்ணுக்கு அக்குளில் நெறி கட்டாது.

கன்னியம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவருக்கும் இங்கதான்" என்றாள்.

என்ன செய்வேன்? சொன்னால் வண்டி வரும், அந்தக் கொட்டகை, சுண்ணாம்புக் குழி. சொல்லாவிட்டால் ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா. அதற்கு அந்தப் பக்கம் பிள்ளை பெற்ற வீடு. லைன் முழுக்க. சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீரே, ஆண்டவரே. இது தீர்ப்பென்றால் யார் மேல் தீர்ப்பு? முனியன் என்ன செய்தான்? என் மேல் என்றால் ஏன் அவள் படுத்திருக்கிறாள்? முழங்கால் வலிக்கிற வரைக்கும் ஜெபம். தங்கக்கல்லை மில்லு இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் ரெ. தெளிவாகக் கண் திறந்தாள். அக்குளைத் தானே தொட்டுப் பார்த்தாள். என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாங்க, கயித்த இழுக்க இவ்ளோ நேரமா?"

கீழே நீ இருக்கிறது தெரிகிறதே, எப்படி இழுப்பேன் என்று சொல்ல நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகிறவனைத் தேற்றுகிற தெம்பு அவளுக்கு இல்லை. தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

விடிந்ததும் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒன்றும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன லைன் நோட்டைத் திறந்து நீட்டினார், நானே எழுத வேண்டும் என்று. எழுதினேன்: ரெபேக்கா, லைன் மூப்பர் மனைவி. காய்ச்சல். கட்டி இரண்டு. முந்தாநாள் மறைத்தது நான். எழுதி முடித்ததும் நோட்டையும் பென்சிலையும் வாங்கி வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதுவது பழைய துண்டுப் பென்சிலில்.

திரும்பி வந்தால் கன்னியம்மா மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். சாமான்:
– போர்வை இரண்டு ("அங்க ஒண்ணு குடுப்பாங்க, ஈரமா இருக்கும்")
– சொம்பு
– ஈயத் தட்டு
– உப்பு, கொஞ்சம் வெல்லம்
– ரெ.வின் ஜெபப் புத்தகம், எழுத்து தெரியாதவள் அதையும் எடுத்து வைத்திருக்கிறாள்

"பொம்பளைங்க கொட்டகையில ஆம்பளைங்கள வுடமாட்டாங்க, மூப்பரே. உங்கள கயித்துக்கு அந்தாண்ட போட்ருவாங்க. நான் கூடப் போறேன். எப்டியும் என்னையும் இட்டுகினு போவாங்கல்ல."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உங்களுக்காக இல்ல. அக்கா எனக்குத் தட்டி குடுத்தாங்க. அவரு கடசீல தண்ணி தண்ணின்னு கேட்டுகினே இருந்தாரு. எனக்குக் கேக்குது, போவ முடில. அக்காவுக்கு அப்டி ஆவக்கூடாது."

முனியனைப் பற்றி நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். "இப்ப வேணாம்" என்றாள். முடிச்சை இறுக்கினாள்.

வண்டி வந்தது. லைன் வெளியே வந்து நின்றது, அன்றைக்குப் போலவே. யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ரெ.வை நான்தான் தூக்கி உள்ளே கிடத்தினேன், கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. கன்னியம்மா அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். மாட்டை அதட்டினான் வண்டிக்காரன். பாதை முழுக்கக் கல். என்னையறியாமல் வண்டிப் பலகையில் மூன்று தட்டு தட்டினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டினான். நான் பின்னால் நடந்தேன்.

பின்னால் புகை வாடை. எங்கள் வீடு. பார்க்கவில்லை.

கேம்பில் கயிறு கட்டிய இடத்தில் என்னைப் பிரித்துவிட்டார்கள். கன்னியம்மா கேட்டாள்: "இன்னாத்துக்கு வண்டிய தட்டனீங்க?"

சொன்னேன். மூன்று அடித்தால் உள்ளே ஆள், மெதுவாக. ஒன்று அடித்தால் நிறுத்து.

கொஞ்சம் யோசித்தாள். "அந்தாண்டயிருந்து கத்தினா உங்களுக்குக் கேக்காது. மில்லு சத்தம். நான் ஈயத்தட்ட அடிக்கறேன். காலீல ஒருக்கா, சாய்ங்காலம் ஒருக்கா. அக்கா இருந்தா மூணு."

மற்றதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 20, சனி

வெளுத்த வானம். கொட்டகையில் எங்கள் பக்கம் ஆறு பேர். தெரிந்த முகம் இல்லை. ஒருவன் ஓயாமல் தெலுங்கில் பாடுகிறான், கெட்ட குரல் இல்லை.

காலையில் தட்டுச் சத்தம். மூன்று. இடைவெளி சரியாக, ஒரு மூச்சு, ஒரு மூச்சு. மணிக்கு நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு இது வராது.

கஞ்சி. பாதி குடித்தேன். ஊசி போட்டார்கள், கை வீங்கியிருக்கிறது.

பகல் முழுக்க அந்தப் பக்கமே பார்வை. பெண்கள் கொட்டகை, தகரக் கதவு, தண்ணீர்ப் பீப்பாய். கன்னியம்மா நாலு தடவை வந்து சொம்பில் மொண்டுகொண்டு போனாள். நாலு தடவையும் ஓடினாள்.

இன்ஜின்காரன் நினைவு. இருட்டுக் கொட்டகையில் பிடியில் கை வைத்து, காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பான். அவனைப் பற்றி எல்லார் முன்னாலும் அவ்வளவு லேசாகப் பேசினேனே. அவன் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

சாயங்காலம். மூன்று. மூன்றாவது வருவதற்குள் உயிர் போய் வந்தது. ஸ்தோத்திரம்.

டிசம்பர் 21, ஞாயிறு

பனி. பெண்கள் கொட்டகை தெரியவில்லை, தண்ணீர்ப் பீப்பாய் மட்டும் நிழல்போல.

கா. ஜெ. பண்ண முழங்கால் போட்டேன். மூன்று, மூன்று, மூன்று என்றுதான் வந்தது. அதுதான் ஜெபம். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் எழுந்து என்னை நாலு வார்த்தை குத்திப் பேசினால் போதும். வீடு வேண்டாம், மணி வேண்டாம், மூப்பர் பட்டம் வேண்டாம்.

தெலுங்குக்காரன் இன்று பாடவில்லை.

தகரக் கதவுச் சத்தம். கன்னியம்மாவாகத்தான் இருக்கும்.

ஒன்று அடித்தாள்.

ஒரு மூச்சு ஆயிற்று. இரண்டாவது அடிக்குக் காத்திருக்கிறேன்.